விசைப்படகு இன்ஜின் ரூம் தளப்பலகை: மாற்றுவதும் பெயிண்ட் அடிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு கரையேறியதும் காசெல்லாம் முதலில் வெளிப்பக்கத்துக்குப் போகும்: கலப்பத்து (பலகைச் சந்துகளைப் பஞ்சு திணித்து அடைப்பது), ஃபைபர், அடிப்பெயிண்ட், புரொப்பல்லர். இன்ஜின் ரூமில் கால் வைக்கிற பலகை கடைசி வாரத்துக்குத் தள்ளப்பட்டு, மேலே அவசரமாக ஒரு கோட் அடித்து மூடப்படும். ஐப்பசி மழை வந்தால் அதே பலகை காலடியில் தொளதொளவென்று ஆடும். கீழே உள்ள பதில்கள் உள்ளே இன்ஜின் வைத்த படகுகளுக்கானவை. அவுட்போர்டு மாட்டிய ஃபைபர் வள்ளங்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

பலகை இத்துப்போச்சா, இன்னும் ஒரு வருஷம் ஓடுமா? எப்படிப் பார்ப்பது?

மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பலகையைத் தூக்கிக் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு சாதாரண திருப்புளியை எடுத்து நான்கு மூலை, ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி, குறுக்குக் கட்டை மேல் உட்கார்ந்திருந்த பட்டை ஆகிய மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள். நல்ல மரமென்றால் நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. நெம்பினால் நீளமாக நார் கிளம்பும். இத்த மரத்தில் திருப்புளி ஊறின ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கும். நெம்பினால் நார் வராது, குறுக்கே கட்டி கட்டியாக உடையும்.

ப்ளைவுட்டாக இருந்தால் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்று மாறினால் அங்கே அடுக்குகள் பிரிந்துவிட்டன. ஓரம் மட்டும்தான் போயிருக்கிறது, வெட்டி ஒட்டு போடலாம் என்று தோன்றும். தளப்பலகையில் ஒட்டு வேலை வேண்டாம். ஒட்டுப் போடுகிற கூலியில் புதுப் பலகையே வந்துவிடும்.

உப்புத் தண்ணீரில் ஊறித்தானே மரம் கெடுகிறது?

பெரும்பாலும் இல்லை. மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. உப்பு அதற்கு அவ்வளவாக ஒத்துவராது. நல்ல தண்ணீர்தான் அதற்குக் கொண்டாட்டம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி, காற்றோட்டமும் இல்லாமல், வெதுவெதுப்பும் இருந்தால் வேலை ஆரம்பித்துவிடும். இன்ஜின் ரூமில் இந்த மூன்றும் இலவசம்.

நல்ல தண்ணீர் வருகிற வழிகள்: வீல்ஹவுஸ் மூலையில் ஒழுகும் மழை, ரேடியேட்டர் அல்லது ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஹோஸில் சொட்டுகிற தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக மீன் கிடங்கில் உருகுகிற ஐஸ். கிடங்குக்கும் இன்ஜின் ரூமுக்கும் நடுவில் உள்ள தடுப்பின் அடியில் கலப்பத்து விட்டிருந்தால் ஐஸ் தண்ணீர் ஒவ்வொரு பயணத்திலும் இந்தப் பக்கம் கசியும். தளத்தை மாற்றுவதற்கு முன்னால் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுப் பலகையும் பழைய வழியே போகும்.

இன்ஜினை இறக்க வேண்டுமா?

தளப்பலகைக்கும் அதைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்கும் இறக்கத் தேவையில்லை. இன்ஜின் உட்காரும் பெட் கட்டை இத்திருந்தால் கதை வேறு: இன்ஜினைத் தூக்கி, கட்டை மாற்றி, ஷாஃப்ட் அலைன்மென்ட் முழுவதும் புதிதாகப் பார்க்க வேண்டும். 6 அங்குல கப்ளிங் ஃபிளாஞ்சில் நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டால் வித்தியாசம் 0.1 முதல் 0.15 மி.மீ.க்குள் வர வேண்டும். அதையும் படகு தண்ணீரில் இறங்கிய பிறகுதான் கடைசியாகப் பார்க்க வேண்டும். கரையில் கட்டை மேல் நிற்கிற படகும் தண்ணீரில் மிதக்கிற படகும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. தளத்துக்காகத் திறந்திருக்கும்போதே பெட் கட்டையையும் அதன் போல்ட் ஓட்டைகளையும் குத்திப் பார்த்துவிடுங்கள். பலகை மூடிய பிறகு அந்த வாய்ப்பு கிடைக்காது.

கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் வேலை பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றுவது. அடுத்தது, எதையும் தொடுவதற்கு முன் நான்கு மூலையிலிருந்தும் செல்போனில் படம் எடுப்பது. எந்த ஹோஸ் எந்தப் பலகைக்கு அடியில் போகிறது, பில்ஜ் (படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம்) பம்பின் சல்லடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் படத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பலகையிலும் ஆணியால் கீறி எண் போட்டு, எந்த முனை அணியத்தை (படகின் முன்பக்கத்தை) பார்க்கிறது என்று அம்புக்குறியும் போடுங்கள். சாக்பீஸ் எழுத்து டீசல் கை பட்டதும் போய்விடும்.

பழைய பலகை இத்திருந்தாலும் உடைத்துப் போடாதீர்கள், அதுதான் புதிய பலகைக்கு அச்சு. உடைந்தேதான் வருமென்றால் அந்த இடத்தில் அட்டைப்பெட்டி அட்டையை வைத்து வெட்டி அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினின் காற்று வாங்கும் வாயையும் ஆல்டர்னேட்டரையும் பாலித்தீன் கவர் போட்டுக் கட்டுங்கள். உப்புத்தாள் தூள் இரண்டுக்கும் ஆகாது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கவரை எடுக்க வேண்டும் என்பதை ஸ்டார்ட்டர் சாவியிலேயே ஒரு சீட்டு கட்டி ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் பைப்பில் சுற்றியிருக்கும் பழைய வெள்ளைக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைப் பிய்க்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

பலகை மரமா, ப்ளைவுட்டா?

இரண்டும் ஓடும். ஆனால் இன்ஜின் ரூமுக்கு 18 மி.மீ. மரைன் ப்ளைவுட்டே சௌகரியம். பலகை மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பி, வெயில் காலத்தில் சுருங்கும். ஒரு பருவம் தூக்க முடியாமல் இறுகிக்கொள்ளும், அடுத்த பருவம் விரல் நுழைகிற சந்து விடும். ப்ளைவுட் அப்படி ஆடாது. அதற்குப் பதிலாக அதன் பலவீனமெல்லாம் ஓரத்தில் இருக்கிறது.

குறுக்குக் கட்டைக்கு ப்ளைவுட் கூடாது, முழு மரம்தான். தேக்கு, வேங்கை, ஆயினி எல்லாம் நிற்கும். வெள்ளை மரங்கள், பேக்கிங் பெட்டியிலிருந்து வந்த பைன் இவற்றைக் காசு மிச்சம் என்று உள்ளே விடாதீர்கள். எந்த மரமானாலும் வெளிவட்டத்து வெள்ளைப் பகுதி இல்லாமல் வைரம் பாய்ந்த பகுதியாகக் கேளுங்கள். தேக்கிலும் வெள்ளைப் பகுதி சீக்கிரம் இத்துவிடும்.

கட்டைகளின் இடைவெளி 12 அங்குலமென்றால் 12 மி.மீ. ப்ளை தாங்கும். 16 முதல் 18 அங்குலமென்றால் 18 மி.மீ. வேண்டும். மேல் அடுக்கின் நார் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குக் குறுக்கே ஓடுகிற மாதிரி வெட்ட வேண்டும். நார் கட்டைக்கு இணையாக ஓடினால் அதே 18 மி.மீ. பலகையும் காலுக்கடியில் வளையும்.

கடையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று கொடுக்கிறார்களே, அது மரைன் ப்ளையா?

பெரும்பாலும் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303 ப்ளையைத்தான் அப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள். சமையலறை அலமாரிக்கு அது போதும். படகுக்குக் கேட்க வேண்டியது ஐ.எஸ். 710. ஷீட் மேலேயே முத்திரை இருக்கும். பில்லிலும் 710 என்று எழுதி வாங்குங்கள்.

முத்திரை இருந்தாலும் கண்ணால் பார்ப்பது நல்லது. ஷீட்டின் நான்கு ஓரத்தையும் பாருங்கள். நடு அடுக்குகளில் தீப்பெட்டிக் குச்சி நுழைகிற சந்து இருந்தால் வேறு ஷீட் கேளுங்கள். அந்தச் சந்துதான் பின்னால் தண்ணீர்க் குழாயாக மாறும். 710 ப்ளையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது தரநிலை. உள்ளங்கை அளவு வெட்டுத்துண்டு கிடைத்தால் வீட்டில் ஒரு பழைய பாத்திரத்தில் எட்டு மணி நேரம் கொதிக்க விட்டு, காய்ந்ததும் உளியால் அடுக்கைப் பிரித்துப் பாருங்கள். பசை பிரியாமல் மரம் கிழிந்தால் சரியான சரக்கு. எட்டு மணி நேரத்திலேயே அப்பளம் மாதிரி பிரிந்தால் எந்த முத்திரையையும் நம்ப வேண்டாம்.

ஒன்று மட்டும்: 710 என்பது பசைக்கு உத்தரவாதம், மரம் இத்தாது என்பதற்கு அல்ல. தண்ணீர் உள்ளே போனால் 710-உம் மக்கும்.

மரம், ப்ளை வாங்க சூளை, சிடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் போகலாம். ரெசின், கெமிக்கலுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. ஸ்க்ரூ, போல்ட், பெயிண்டெல்லாம் பாரிமுனையைச் சுற்றியே கிடைத்துவிடும்.

எவ்வளவு வாங்க வேண்டும்? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் 8 அடி நீளம், 1½ அடி அகலத்தில் நடைபாதை, முன்னால் 5 அடிக்கு 2 அடி தளம் என்று வைத்துக்கொள்வோம். நடைபாதை 24 சதுர அடி, முன் தளம் 10, மொத்தம் 34. ஒரு 8×4 ஷீட் 32 சதுர அடி. ஆக இரண்டு ஷீட் வாங்க வேண்டும். மிச்சம் வீணில்லை, கிளாண்டுக்கு (ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்புக்கு) மேலே வருகிற சின்ன மூடிகள், பேட்டரி தட்டு எல்லாம் அதில் வந்துவிடும்.

பெயிண்ட் கணக்கை ஒரு பக்கத்துக்குப் போட்டு ஏமாறாதீர்கள். இரண்டு பக்கம், ஓரங்கள் சேர்த்து சுமார் 75 சதுர அடி, அதாவது 7 சதுர மீட்டர். பாதிக்குப் பாதி திடப்பொருள் உள்ள எபாக்ஸி (இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பெயிண்ட்) 50 மைக்ரான் கனத்துக்கு லிட்டருக்கு 10 சதுர மீட்டர் வரும் என்று கணக்கு சொல்லும். பிரஷ்ஷும் மரமும் குடிப்பது போக கையில் நிற்பது 6 அல்லது 7. எனவே ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர். அடிக்கோட்டும் ப்ரைமருமாக 3 லிட்டர், மேல் பெயிண்ட் 2 லிட்டர், ஓரத்துக்கென்று கூடுதலாக அரை லிட்டர். வங்குகளுக்கும் (படகின் விலா எலும்பு போன்ற கட்டைகள்) உள்சுவருக்கும் அடிக்கப் போகிறீர்களென்றால் அதைத் தனியாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது எவ்வளவு சந்து விட வேண்டும்?

படகின் உள்சுவர், வங்கு ஓரம்: 10 மி.மீ. பலகைக்கும் பலகைக்கும்: 4 மி.மீ. பெயிண்ட் கனமும் சேரும் என்பதை மறந்து 'டைட்டாக' வெட்டினால், ஐந்து கோட் அடித்த பிறகு பலகை உட்காராது. தச்சர் இழைப்புளியை எடுப்பார், ஓரத்து பெயிண்ட் முழுவதும் போகும், மொத்த வேலையும் அங்கேயே பாழ். வெட்டியதும், பெயிண்டுக்கு முன்னால், எல்லாப் பலகையையும் ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரு பலகை 2 அடிக்கு 3 அடி என்றால் 18 மி.மீ. ப்ளையில் ஏறக்குறைய 7 கிலோ வரும். ஒரு ஆள் குனிந்தபடி ஒரு கையால் தூக்க இதுதான் வசதியான அளவு. நாலடிப் பலகையாகப் போட்டால் நடுக்கடலில் கீழே தண்ணீர் வருகிறதா என்று எவரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். கிளாண்ட், கடல்தண்ணி வால்வு, பில்ஜ் சல்லடை இந்த மூன்றுக்கும் மேலே வரும் பலகைக்கு ஸ்க்ரூவே கூடாது, திருப்புகிற கொக்கி போதும். விரல் நுழைய 25 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டு, ஓட்டையின் உள்பக்கத்தையும் ஓரம் மாதிரியே மூன்று கோட் அடியுங்கள்.

கூர்முனைகளை உப்புத்தாளால் 3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். கூர் முனையில் பெயிண்ட் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்து, நடுவில் மெல்லிய தோல்தான் மிஞ்சும்.

குறுக்குக் கட்டையில் டீசல் ஊறியிருக்கிறது. அதன் மேல் பெயிண்ட் பிடிக்குமா?

ஊறிய அளவைப் பொறுத்தது. முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றுவதுதான் பொதுவான தப்பு. எண்ணெயோடு உப்புத்தாள் போட்டால் எண்ணெய் நாருக்குள் இன்னும் ஆழமாக இறங்கும்.

சுரண்டியால் அழுக்கை வழித்தெடுங்கள். தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள், ஒரே துணி எண்ணெயை இங்கிருந்து அங்கே பூசும். பிறகு சுடுதண்ணீரும் துணி சோப்புத் தூளும் போட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் அதுவும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். பெட்ரோலை இன்ஜின் ரூமுக்குள் கொண்டுவரவே கூடாது.

அலசுகிற தண்ணீர் முக்கியம். வடசென்னைக் கரையோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். அதில் அலசினால் உப்பை நாமே தடவியது போல. மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவி ஊறினால் பெயிண்ட் பிடிக்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். மூன்று முறை கழுவியும் முத்தாகவே நின்றால் கட்டையை மாற்றிவிடுங்கள், அல்லது பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிடுங்கள். அடித்தால் தோல் தோலாகத்தான் உரியும்.

பழைய இன்ஜின் ஆயிலைத் தடவினால் பலகை இத்தாதாமே?

கொஞ்ச நாளைக்குத் தண்ணீரைத் தள்ளும், அவ்வளவுதான். அதற்கு விலையாக தளம் வழுக்கும், தீப்பிடித்தால் பலகையே திரியாகும், வாழ்நாள் முழுக்க அந்த மரத்தில் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. மேலே சொன்ன கழுவல் கூத்தெல்லாம் பெரும்பாலும் முன்னால் எப்போதோ தடவிய இந்த வேஸ்ட் ஆயிலால்தான். தார் பூசிய கட்டையும் இதே தொல்லைதான், மேலே அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் பழுப்பாகக் கசிந்து வரும்.

எனாமல் போதாதா? எபாக்ஸிதான் வேண்டுமா?

எனாமல் அடித்த தளம் முதல் டீசல் சிந்தும் வரை அழகாக இருக்கும். டீசல் பட்டால் மிருதுவாகி, பூட்ஸ் தடம் அப்படியே பதியும். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்ஸி டீசலையும் சோப்பையும் தாங்கும். வெயிலில் எபாக்ஸி சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும் என்பது உண்மை, ஆனால் இன்ஜின் ரூமில் வெயில் ஏது? அதனால் மேல் கோட்டுக்கும் எபாக்ஸியே போதும், பாலியுரித்தேனுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. எபாக்ஸி ப்ரைமர் மேல் எனாமல் அடித்து மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்காதீர்கள். பல நேரம் எனாமல் காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

நிறம் வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை. சிவப்பு ஆக்ஸைடும் கரும்பச்சையும் அழுக்கு தெரியாது என்பதற்காகத்தான் விற்கின்றன. இன்ஜின் ரூமில் அழுக்கு தெரிய வேண்டும். ஆயில் சீல் கசிய ஆரம்பித்ததை வெளிர் தளம் முதல் சொட்டிலேயே காட்டிக்கொடுக்கும்.

பெயிண்ட் அடிக்கிற வரிசையைச் சொல்லுங்கள்.

பலகையை நிழலில், அடியில் கட்டை கொடுத்து, மூன்று நாலு நாள் காயவிடுங்கள். ஈர மீட்டர் கிடைத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே பாருங்கள். 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் தட்டித் துடையுங்கள்.

முதல் கோட் தண்ணியாக. டப்பாவில் எழுதியிருக்கிற தின்னரை, எழுதியிருக்கிற அளவுக்கு மட்டும் கலந்து எபாக்ஸி அடியுங்கள். ஓரங்களில் முதலில் ஆரம்பியுங்கள், ஓரம் குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மரம் முகத்தில் குடிப்பதைவிட நார் வெட்டுப்பட்ட ஓரத்தில் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். பெயிண்டைக் குடிக்கிற அதே ஓரம்தான் பிறகு தண்ணீரையும் குடிக்கும். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஓரம் மட்டும் மறுபடி மங்கலாக, காய்ந்தது போல இருக்கும். இன்னொரு தடவை கொடுங்கள். மங்கல் வராமல் பளபளப்பு நிற்கிற வரை விடக்கூடாது.

மறுநாள் 120 எண் தாளால் நார்த் தூக்கலை எடுத்துவிட்டு, தின்னர் கலக்காத ப்ரைமர் இரண்டு கோட். இரண்டுக்கும் நடுவில் டப்பாவில் சொன்ன இடைவெளி. அதிகபட்ச இடைவெளி தாண்டிவிட்டால் தேய்த்த பிறகுதான் அடுத்த கோட். சந்து, ஓட்டை இருந்தால் எபாக்ஸி பட்டியால் அடையுங்கள். சுவருக்கு வைக்கிற வெள்ளைப் பட்டி வேண்டாம், ஈரத்தில் கூழாகிவிடும். பிறகு மேல் கோட் இரண்டு.

இதெல்லாம் ஆறு பக்கத்துக்கும். அடிப்பக்கம், மேல்பக்கம், நான்கு ஓரம். நேரமோ பெயிண்டோ குறைந்தால் மேல்பக்கத்துக் கோட்டில் ஒன்றைக் குறையுங்கள், அடியில் குறைக்காதீர்கள். மேல்பக்கம் தேய்வதைப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் இன்னொரு கோட் அடிக்கலாம். அடிப்பக்கத்தை அடுத்த தடைக்காலம் வரை யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனால் பில்ஜ் ஆவி முழுவதும் அங்கேதான் படியும்.

எந்த நேரத்தில் அடிப்பது? சென்னையில் ஒன்று கத்திரி வெயில், இல்லாவிட்டால் புழுக்கம்.

காலையில் நிழலில் இருந்த பலகையை அடித்துவிட்டு வெயிலில் நகர்த்தினால் மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து, பெயிண்ட் முழுக்க ஊசிமுனைக் குமிழ்கள் வரும். சூடு இறங்குகிற நேரத்தில் அடித்தால் காற்று சுருங்கி பெயிண்டை உள்ளே இழுக்கும். அதனால் மாலை 3 மணியிலிருந்து 5 மணி வரை நல்ல நேரம். அதற்கு மேல் தாமதித்தால் கடல் காற்றின் ஈரம் ராத்திரியில் எபாக்ஸி மேல் படிந்து மெழுகு போன்ற பிசுக்கை உண்டாக்கும். காற்று ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, பலகையைத் தொட்டால் சில்லென்று ஈரம் தெரிந்தாலோ அன்றைக்கு வேலை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை, கலந்த எபாக்ஸி டப்பாவிலேயே கெட்டியாவது. சூடு 10 டிகிரி கூடினால் கையிலிருக்கிற நேரம் ஏறக்குறைய பாதியாகும். கால் லிட்டருக்கு மேல் ஒரு தடவைக்குக் கலக்காதீர்கள். கலந்ததை ஆழமான டம்ளரில் வைக்காமல் அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் சூடு தங்காது.

சீக்கிரம் காய ஹார்டனரை (எபாக்ஸியின் இரண்டாவது டப்பா) கொஞ்சம் கூட்டினால்?

கூட்டக்கூடாது. எபாக்ஸியில் ஹார்டனர் என்பது பாதிப் பொருள், பாலில் உறை ஊற்றுகிற மாதிரி இல்லை. கூடினாலும் குறைந்தாலும் ஒரு பகுதி சேராமல் மிருதுவாகவே நிற்கும். டப்பாவில் உள்ள விகிதம் கன அளவா எடையா என்று படித்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. பாலியெஸ்டர் ரெசினில் மட்டும்தான் கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைக்கலாம். கத்திரியில் 1 போதும்.

பெயிண்ட் கொப்புளிக்கிறது, உரிகிறது, பிசுபிசுக்கிறது. ஏன்?

அழுத்தினால் உள்ளே தண்ணீர் இருக்கிற கொப்புளம்: அடியில் உப்பு இருந்திருக்கிறது. உப்பு பெயிண்ட் வழியாகவே ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் அலசாததன் விளைவு.

பெரிய தகடாக உரிந்து, பின்பக்கம் மரத்தூள் ஒட்டாமல் வழவழப்பாக இருந்தால் எண்ணெய். பின்பக்கம் நார் நாராக மரம் ஒட்டியிருந்தால் மரமே ஈரமாக இருந்திருக்கிறது, அல்லது ஏற்கனவே இத்திருக்கிறது.

கோட்டுக்குக் கோட்டு பிரிந்தால் நடுவில் அந்த மெழுகுப் பிசுக்கு இருந்திருக்கிறது. அதைத் தின்னரால் துடைத்துப் போக்க முடியாது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் போதும். கழுவித் துடைத்து, அதன் பிறகே உப்புத்தாள்.

மேலே ஃபைபர் போட்டு மூடிவிட்டால் கவலையே இல்லையே?

மேலே மட்டும் போட்டால் கவலை இரட்டிப்பு. அடியில் ஏறின ஈரம் மேலே வெளியேற வழியில்லாமல் நடுவில் தங்கி, மேலே பளிங்கு மாதிரியும் உள்ளே களிமண் மாதிரியும் ஆகிவிடும். போடுவதானால் ஆறு பக்கமும் போடுங்கள். பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. எபாக்ஸியோடு போடும்போது சாதாரண மேட் வேண்டாம், நெய்த துணியாக வாங்குங்கள். மேட்டின் பசை பாலியெஸ்டரில் கரைகிற மாதிரி எபாக்ஸியில் கரையாது, வெள்ளைத் திட்டு திட்டாக நிற்கும்.

பாலியெஸ்டர் போடுகிறவர்கள் கவனிக்க: கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். சில கடைகளில் கோபால்ட் ஏற்கனவே கலந்தே கொடுப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்க்ரூ?

316 ஸ்டெயின்லெஸ். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 316 என்று முடிவு கட்டாதீர்கள், மலிவான 202-உம் ஒட்டாது. இரும்பு ஆணி இரண்டு பருவத்தில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கருக்கிவிடும். ஸ்க்ரூ ஓட்டைதான் பெயிண்டைத் துளைத்துத் தண்ணீருக்குப் போடுகிற வாசல். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 10 மி.மீ. ஓட்டை போட்டு, எபாக்ஸி பட்டியால் நிரப்பி, கெட்டியானதும் அதன் நடுவில் சரியான அளவில் துளை போடுங்கள். ஸ்க்ரூ பட்டியைத்தான் கடிக்கும், மரத்தைத் தொடாது. நேரம் பிடிக்கிற வேலைதான், அதனால்தான் ஸ்க்ரூ எண்ணிக்கையைக் குறைத்துக் கொக்கி வைக்கச் சொல்வது.

பலகை கடகடவென்று ஆடாமல் இருக்கக் கட்டை மேல் ரப்பர் பட்டி ஒட்டுவதானால் நைட்ரைல் ரப்பராகக் கேளுங்கள். சைக்கிள் டியூப் டீசலில் உப்பிப் பிய்ந்துவிடும்.

வழுக்காமல் இருக்க மணல் தூவலாமா?

தூவலாம், கடற்கரை மணலை அல்ல. அதில் உப்பு இருக்கிறது. கழுவிக் காய்ந்த சிலிக்கா மணல், ரவை அளவில், அரை மில்லிமீட்டர் பருமனில் வாங்குங்கள். முதல் மேல் கோட் ஈரமாக இருக்கும்போதே டீ வடிகட்டியால் தாராளமாகத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைப் பெருக்கிவிட்டு, இரண்டாவது மேல் கோட்டால் பூட்டுங்கள். ஓரத்தில் ஒரு அங்குலம் மணல் இல்லாமல் விட்டால் துடைக்கச் சுலபம்.

அலுமினிய செக்கர் பிளேட் போட்டுவிடலாமா?

போடலாம். இத்தாது, கழுவச் சுலபம். விலை அதிகம், மழை நேரத்தில் ப்ளையைவிட வழுக்கும், ஸ்டீல் போல்ட்டோடு நேராகத் தொட்டால் உப்புத் தண்ணீரில் அரித்துப்போகும், நைலான் வாஷர் கொடுக்க வேண்டும். இரும்பு செக்கர் பிளேட் எடையும் துருவும்தான்.

உள்ளேயே வைத்துப் பெயிண்ட் அடிக்கும்போது என்ன ஆபத்து?

பலகைகளை வெளியில் அடியுங்கள். உள்ளே கட்டாயம் அடிக்க வேண்டியது கட்டைகளும் வங்குகளும்தான். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், பில்ஜில் போய்த் தேங்கும். உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சுகிற சாதாரண ஃபேன் வைத்தால் ஆவி மோட்டார் பொறி வழியாகவே போகும். வெளியே ஃபேனை வைத்து, குழாய் வழியாக நல்ல காற்றை பில்ஜ் வரைக்கும் உள்ளே தள்ளுங்கள். பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் பக்கத்துப் படகிலும் கூடாது. துணி மாஸ்க் தூசிக்குத்தான், ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்தால் ஒருவர் மேலே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் உளற ஆரம்பித்தால் உடனே மேலே கூப்பிடுங்கள். மயங்கி விழுந்துவிட்டால் தூக்குகிறேன் என்று நீங்கள் உள்ளே குதிக்காதீர்கள், முதலில் காற்று, பிறகு கயிறு.

எத்தனை நாளாகும்? எப்போது மிதிக்கலாம்?

கழற்றிக் கழுவ 2 நாள், காய 4, கட்டை மாற்றி வெட்டிப் பார்க்க 2, பெயிண்ட் 5. ஆக இரண்டு வாரம். ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பித்தால் பெயிண்ட் காயாமலே இறங்க வேண்டியிருக்கும். கடைசிக் கோட்டுக்கு மறுநாள் பலகையைத் தொடலாம், மிதிக்கலாம். டீசல், சோப்பு, கனமான டூல் பெட்டிக்கெல்லாம் ஏழு நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

பலகை உட்கார்ந்ததும் இன்ஜினை ஓட்டி, எக்ஸாஸ்ட் பக்கத்துப் பலகையை அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் அங்கே எபாக்ஸியும் இளகும். பைப்புக்கு கிளாஸ் ஃபைபர் கயிறு சுற்றுங்கள், அல்லது அந்தப் பலகையை இரண்டு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். வெட்டின ஓரத்துக்கு மறுபடி மூன்று கோட்.